கப்பலில் ஒரு சுற்று – 6: ஆறு படியும் ஒரு தொப்பியும்

போன இதழில் எங்களைக் கார்ட்டஹேனாவில், பழக்கூடைக்காரம்மா போட்டோவுக்குக் காசு கேட்ட இடத்தில் விட்டிருந்தேன். அந்த வழக்கு ஐந்து டாலரில் தீர்ந்தது. கொலம்பியாவைப் பற்றி இனி என்னிடம் சொல்வதற்கு வெயிலைத் தவிர வேறில்லை. நேராகப் பனாமாவுக்குப் போய்விடலாம்.

கப்பலில் ஏறிய நாளிலிருந்து நான் காத்திருந்தது இந்த ஒரு நாளுக்குத்தான். பொதுப்பணித்துறையில் முப்பத்து நான்கு வருஷம் மதகோடும் வாய்க்காலோடும் குடும்பம் நடத்தியவனுக்கு மற்றதெல்லாம் கொசுறு. மகன் டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றபோது, "பனாமா கால்வாய் வழியாகப் போகிற கப்பலா?" என்றுதான் கேட்டேன். சாப்பாடு சைவமா என்று கேட்டது என் மனைவி.

விடியற்காலை நாலரைக்கே முன்தளத்துக்குப் போனேன். இருட்டு. ஒரு ஆள் இல்லை. ஆனால் கைப்பிடிக் கம்பியை ஒட்டிய நாற்காலி அத்தனையிலும் நீல டவல்! ராத்திரி படுக்கப் போகுமுன்பே வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவனைப் பார்த்து நாகரிகம் தெரியாதவன் என்று எத்தனை முறை திட்டியிருப்பேன்! அவன் குறைந்தபட்சம் அடுத்த நிமிஷம் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவான். நான் ஒரு டவலை எடுத்து மடித்துப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு டவலின் சொந்தக்காரர் காபிக் கோப்பையோடு வந்தார். என்னைவிட ஓர் அடி உயரம். அது தன் இடம் என்றார். டவல் கப்பல் கம்பெனியுடையது, நாற்காலியும் அப்படியே, நான் மட்டும்தான் இங்கே சொந்தமாக வந்திருக்கிறேன் என்றேன். அவர் குரலை உயர்த்த, நானும் உயர்த்த, சிப்பந்தி ஓடி வந்தான். "ஏங்க, எழுந்துடுங்க" என்றாள் என் மனைவி. நான் எழுந்திருக்கவில்லை. அந்த மனிதர் இன்றைக்கு வரை லிஃப்டில் என்னைக் கண்டால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருக்கிறார். பரவாயில்லை.

அதற்குள் காட்டூன் மதகுகள் கண்ணில் பட்டன. மதகு என்றால் நம்மூர் ஷட்டர் அளவில் நினைத்துவிடக் கூடாது. 305 மீட்டர் நீளம், 33.5 மீட்டர் அகலத்தில் கான்கிரீட் தொட்டிகள். மூன்று படி. கப்பல் முதல் தொட்டிக்குள் நுழைந்ததும் பின்னால் இரட்டைக் கதவு சாத்திக்கொள்கிறது. அடியில் ரயில் போகிற அளவுக்குச் சுரங்க வாய்க்கால். தரையில் வரிசையாகத் துவாரங்கள். மேலே இருக்கிற தண்ணீரைத் திறந்துவிட்டால் துவாரம் வழியாகப் பொங்கி வந்து கப்பலைத் தூக்குகிறது. பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு வருகிறது, அவ்வளவுதான்! எட்டு, பத்து நிமிஷத்தில் எங்கள் பதினோரு மாடிக் கப்பல் ஓசையில்லாமல் மேலே போயிற்று. சற்றுமுன் கண்ணுக்கு நேரே இருந்த சுவர் காலடிக்குக் கீழே போய்விட்டது. நான் வாய்விட்டு என்னவோ சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கப்பலுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடிதான் இடைவெளி. சுவரில் உரசாமல் இருக்க இரண்டு பக்கமும் தண்டவாளத்தில் மின்சார எஞ்சின்கள் கம்பி பிடித்துக்கொண்டே வருகின்றன. அவற்றுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் கோவேறு கழுதை. இத்தனை இயந்திரத்துக்கு முன்னால் அந்தக் கம்பியை வாங்கிப் போக வருவது என்ன தெரியுமா? இரண்டு பேர் துடுப்புப் போடும் ஒரு சின்னப் படகு. எங்கள் இலாகாவில் மதகு திறக்கிற ஆளுக்கு லஸ்கர் என்று பெயர். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய மாலுமிக்கும் அதே பெயர்தான். படகில் வந்த அந்த இருவருக்கு இரண்டு அர்த்தத்திலும் பொருந்தும். கை காட்டினேன். ஒருவர் துடுப்பைத் தூக்கிக் காட்டினார்.

மூன்று படி ஏறியதும் கடல்மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே, காட்டூன் ஏரி. சாக்ரெஸ் ஆற்றைக் குறுக்கே மறித்து அமெரிக்கர்கள் உண்டாக்கியது. முங்கிப்போன குன்றுகளின் உச்சியெல்லாம் இப்போது தீவு. இங்கேதான் என் உற்சாகத்தில் ஒரு முள் தைத்தது. ஒரு கப்பல் ஏறி இறங்க ஏறக்குறைய 20 கோடி லிட்டர் தண்ணீர் கடலுக்குப் போகிறது. நல்ல தண்ணீர். பனாமா நகரம் குடிக்கிற தண்ணீர். கப்பலில் கொடுத்த காகிதத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 36 கப்பல் என்று வைத்தால் நாலு நாளில் ஒரு டி.எம்.சி. காவிரியில் ஒரு டி.எம்.சி.க்கு நாம் பட்ட பாடு எனக்குத் தெரியும். தூக்கம் கெட்டு அளவுகோலைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். 2023-இல் மழை பொய்த்து ஏரி வற்றியபோது ஒரு நாளைக்கு 24 கப்பலுக்கு மேல் விட முடியாமல், மற்றவை இரண்டு கடலிலும் வரிசையில் நின்றன. 2016-இல் திறந்த புதிய பெரிய மதகுகளில் பக்கத்திலேயே தொட்டி கட்டித் தண்ணீரைப் பாதிக்கு மேல் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் கப்பல் போனது 1914-இன் பழைய வழி.

பழைய வழிக்கும் முன்னால் ஒரு பழைய கதை உண்டு. சூயஸை வெட்டிய லெசெப்ஸ்தான் முதலில் இங்கே வந்தார். பாலைவனத்தில் பலித்தது இங்கேயும் பலிக்கும் என்று கடல்மட்டத்திலேயே வெட்டப் பார்த்தார். 1881-இல் ஆரம்பித்து 1889-இல் கம்பெனி திவால். மலேரியாவிலும் மஞ்சள் காய்ச்சலிலும் இருபதாயிரம் பேர் வரை செத்தார்கள். பிறகு வந்த அமெரிக்கர்கள் மண்வெட்டியோடு கொசு மருந்தையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மலையை முழுக்க வெட்டாமல் தண்ணீரை மலைமேல் ஏற்றினார்கள். கால்வாய் 1999 டிசம்பர் 31 அன்றுதான் பனாமாவின் கைக்கு வந்தது. சுங்கத்தில் ஒரு வேடிக்கை: 1928-இல் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் என்ற அமெரிக்கர் இதை நீந்தியே கடந்தார். எடை பார்த்து 36 சென்ட் வசூலித்தார்கள்!

மத்தியானம் குலேப்ரா மலைவெட்டு, பிறகு பேத்ரோ மிகேலில் ஒரு படி இறக்கம், மீராஃப்ளோரெஸில் இரண்டு. சாயங்காலம் பசிபிக். அட்லாண்டிக்கில் புறப்பட்டு பசிபிக் போகிறோமே, மேற்கே போகிறோம் என்றுதானே நினைப்பீர்கள்? நிலம் அங்கே வளைந்திருக்கிற விதத்தில் கப்பல் தென்கிழக்கே போகிறது. என் மனைவியிடம் இதைச் சொன்னேன். "சரி, காபி வருமா?" என்றாள்.

மறுநாள் படகில் கரைக்குப் போனோம். டாக்ஸி பேசினோம். நாலு மணி நேரத்துக்கு அறுபது டாலர். (பனாமாவில் பணத்துக்குப் பெயர் பல்போவா, ஆனால் நோட்டெல்லாம் அமெரிக்க டாலர், சில்லறை மட்டும்தான் சொந்தம்.) ஓட்டுநருக்கு எழுபது வயதிருக்கும், நல்ல ஆங்கிலம். பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டினார். ஒரு வீடு பளபளவென்று வர்ணம் அடித்த ஹோட்டல், அதை ஒட்டிய வீட்டுக்குக் கூரை இல்லை, உள்ளே மரம் முளைத்திருக்கிறது. அங்கே ஒரு சந்துக் கடையில்தான் பனாமா தொப்பி வாங்கினேன். அறுபது சொன்னான், நாற்பத்தைந்துக்கு இறக்கினேன். தொப்பியைச் சுருட்டி மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டினான். உள்பட்டையில் 'ஒரிஜினல்' என்று அச்சடித்திருந்தது. ஓட்டுநர் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. வியாபாரத்தில் குறுக்கிடக் கூடாது என்ற மரியாதை போலிருக்கிறது. அப்படி ஒரு மரியாதை எனக்கு அன்றைக்கு வேண்டியிருக்கவில்லை.

பசித்தது. என் மனைவி சைவம் என்றதும் அவர் சுற்றுலாக் கடைகளை எல்லாம் விட்டுவிட்டு, தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடைக்கு ஓட்டினார். நாலு மேஜை. சமைக்கிற அம்மாள் ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் கை கழுவியதைப் பார்த்தேன். லட்சக்கணக்கில் கொடுத்துக் கப்பலில் வருகிற துரைமார்கள் பஃபே வாசலில் கை கழுவச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். தட்டு வந்தது. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, அதில் பச்சை நிறத்தில் ஏதோ பயறு. மனைவி ஒன்றை எடுத்து நசுக்கினாள். "ஏங்க, துவரை!" என்றாள், அண்ணன் மகளை ஊர்ச் சந்தையில் பார்த்தவள் போல. துவரைதான். இந்தியாவில் பிறந்து, ஆப்பிரிக்கா போய், அடிமைக் கப்பல்களோடு இங்கே வந்த பயறு. கூடவே வாழைக்காயைத் தட்டி இரண்டு தரம் பொரித்தது. உப்பு மட்டும். ஐம்பது நாளாகக் கப்பலில் பாஸ்தாவும் பாலாடைக்கட்டியும் தின்று நாக்குச் செத்துப்போன எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுதிக்காட்ட முடியாது. முதல் அத்தியாயத்தில் கப்பல் பஃபேயைப் புகழ்ந்து மூன்று பக்கம் எழுதினேன் அல்லவா? அதை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சாப்பிட்டுக்கொண்டே ஓட்டுநர் தன் கதையைச் சொன்னார். கொள்ளுத்தாத்தா பார்படோஸிலிருந்து கால்வாய் வேலைக்கு வந்தவர். அந்தச் சின்னத் தீவிலிருந்து மட்டும் இருபதாயிரம் பேருக்கு அருகில் அப்படி வந்தார்கள். மணிக்குப் பத்து சென்ட் கூலி. வெடி வைக்கிற வேலை. சம்பளப் பட்டியல் இரண்டு: வெள்ளை அமெரிக்கர்களுக்குத் தங்கத்தில், இவர்களுக்கு வெள்ளியில். காசு மட்டுமில்லை. கடையில் தனி ஜன்னல், பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, தண்ணீர்க் குழாயிலும் 'தங்கம்', 'வெள்ளி' என்று பலகை. தானே சின்ன வயதில் அந்தப் பலகைகளைப் பற்றி அம்மா சொல்லிக் கேட்டதாகச் சொல்லிவிட்டு, "உங்கள் ஊரில் இப்படியெல்லாம் உண்டா?" என்று கேட்டார்.

நான் வாழைக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். எங்கள் ஊர் தர்மம், மகாத்மா காந்தி என்று ஏதோ ஆரம்பிக்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. மேஜையில் இருந்த இரண்டு டம்ளர்களை எடுத்து, ஒன்றை இந்த ஓரத்திலும் ஒன்றை அந்த ஓரத்திலும் தள்ளி வைத்தாள். "டீ ஷாப். மை வில்லேஜ்" என்றாள். "திஸ் திஸ் பீப்பிள். தட் தட் பீப்பிள்."

அவர் டம்ளர்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டையும் நடுவில் இழுத்து, குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றி, ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். கப்பல் துறையில் இறங்கியபோது பேசிய அறுபதுக்கு மேல் பத்து கொடுத்தேன், திருப்பித் தந்துவிட்டார்.

தொப்பிக்கு வருகிறேன். இரண்டு நாள் போட்டதில் வியர்வைக் கறை படிந்துவிட்டது. நான் தூங்கும்போது மனைவி குளியலறைத் தொட்டியில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறாள். அரை மணி கழித்துப் பார்த்தால் தொப்பி கஞ்சியாகிக் கிடக்கிறது. காகிதம்! காகித நூலில் பின்னியது. 'ஒரிஜினல்' என்ற பட்டை மட்டும் முழுசாக மிதந்துகொண்டிருந்தது.

அடுத்து நின்றது ஈக்வடாரில் மான்ட்டா துறைமுகம், அங்கிருந்து சிறிது தூரத்தில் மொன்டெக்ரிஸ்டி. அங்கே போனபிறகுதான் பனாமா தொப்பி பனாமாவுடையதே அல்ல என்று தெரிந்தது. டொகில்லா என்கிற ஓலையில் ஈக்வடார்க்காரர்கள் பின்னுவது. பனாமா வழியாக விற்பனைக்குப் போனதால் வழியின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1906-இல் கால்வாய் வேலையைப் பார்க்க வந்த அமெரிக்க ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் போட்டுக்கொண்டதும் உலகம் முழுக்கப் பரவியது. ஒரு பெண்மணி கட்டையின் மேல் மார்பைச் சாய்த்து, குனிந்தபடியே பின்னிக்கொண்டிருந்தார். மிக நுணுக்கமான தொப்பி ஒன்றுக்கு மாதக்கணக்காகும். நான் என் கதையைச் சைகையில் சொன்னேன். நாற்பத்தைந்து என்று விரல் காட்டியதும் பின்னுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவர் பின்னிய தொப்பியின் விலையைக் கேட்டேன். நான் சிரிக்கவில்லை. வாங்கவும் இல்லை.

மான்ட்டாவுக்கு வருகிற வழியில் பூமத்திய ரேகையைக் கடந்தோமாம். தளத்தில் ஏதோ கொண்டாட்டம் நடந்தது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இனி எட்டு நாள் கடல்தான், கரையே கிடையாது. அடுத்த இதழுக்கு என்ன எழுதுவது என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். காலையில் கடல் நீலமாக இருந்தது. நேற்றும் நீலமாகத்தான் இருந்தது.

(தொடரும்)