இரும்புக் கட்டிகளின் தேசத்திலே

மைன்கிராப்ட் என்னும் கற்பனைத் தேசத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. கணனி ஒன்றிருந்தாற் போதும். ஸ்டொக்ஹோம் நகரத்து மொஜாங் நிறுவனத்தார் 2011ஆம் ஆண்டில் முழுமையாக வெளியிட்ட இவ்விளையாட்டிலே மண்ணும் மரமும் மலையும் பெரும்பாலும் ஒரு மீற்றர் அளவான கட்டிகளே. நாம் அங்கே புறப்பட்டது இரும்பு தேடி.

உயர்ந்த மலைகளில் இரும்புத்தாது மிகுதி. மரப் பிக்காசால் வெட்டினாற் பயனில்லை, கற்பிக்காசாவது வேண்டும். உலையிலிட்டால் பத்து விநாடிக்கு ஒரு பாளம். ஒரு துண்டு நிலக்கரி எட்டுப் பாளத்துக்குப் போதும். ஒன்பது பாளங்களை வேலைமேசையிற் பரப்ப, ஓர் இரும்புக் கட்டி பிறக்கிறது. விரும்பினால் அதையே மீண்டும் ஒன்பது பாளங்களாக்கலாம், குன்றிமணியளவும் சேதாரமில்லை. நம் ஊர்த் தட்டாரிடம் சொன்னால் நம்பமாட்டார்!

2021இல் வந்து சேர்ந்த செம்புக் கட்டியோ நாளடைவிற் களிம்பேறிப் பச்சையாகிவிடும். நம் வீட்டுப் பெண்கள் புளியிட்டுத் தேய்ப்பார்கள். அங்கே கோடரியாற் சுரண்டித் தேன்மெழுகு பூசுகிறார்கள்.

நம் ஆசை ஒளித்தூண் எழுப்புவது. அதன் நான்குபடிப் பீடத்துக்கு மட்டும் 164 கட்டிகள், அதாவது 1476 பாளங்கள். உச்சியில் வைக்கும் விளக்கைப் பெறுவது வேறு கதை. நான்கு கட்டிகள் சேர்ந்திருந்தபோது, மலையடிவாரத்திலே காவலற்ற சிற்றூர் ஒன்றை அடைந்தோம். பொழுதும் சாய்ந்தது. இருளில் நடைப்பிணங்கள் வரும். அவற்றால் மாண்ட குடியானவன் தானும் நடைப்பிணமாய் எழக்கூடும்.

கட்டிகளைக் கொடுப்பதா, காப்பதா? கொடுத்தால் 36 பாளங்களும் போனவைதாம். காவற்பூதம் வீழ்ந்தால் மிஞ்சுவது ஐந்துக்கு மேற்படாது. கதவோரம் நின்ற சிறுவர்களைப் பார்த்தபின் கணக்குப் பார்க்க மனம் வரவில்லை. கீழே ஒன்று, அதன்மேல் ஒன்று, இருபுறமும் தோளாக ஒவ்வொன்று வைத்து, செதுக்கிய பூசணிக்காயைத் தலையாகச் சூட்டினோம். இரும்புப் பூதம் எழுந்து நடந்தது!

இரவு முழுவதும் அது நடைப்பிணங்களை வானளாவத் தூக்கி எறிந்தது. விடிந்ததும் அதன் மேனியெங்கும் வெடிப்பு. ஆயினும் அது சிறுவன் ஒருவனுக்குச் செந்நிறப் பொப்பி மலரை நீட்டி நின்றது. கையிலிருந்த கடைசிப் பாளத்தால் வெடிப்பைச் செப்பனிட்டு, பிக்காசுடன் மறுபடி மலையேறினோம். 164 கட்டிகளும் அப்படியே பாக்கி.