நடுவில் இருந்த ஊர்கள்

டெல்லியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் மூன்று மணி நேரம்கூட ஆவதில்லை. காலை டிபனை முடித்துவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மயிலாப்பூர். அந்தச் சௌகரியத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. முழங்கால் வலிக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் ஏறுகிற இடத்தில் ஓர் ஊர், இறங்குகிற இடத்தில் ஓர் ஊர், நடுவில் வெறும் மேகம். நான் தொலைத்தது அந்த நடுவைத்தான்.

எங்கள் தலைமுறை டெல்லித் தமிழர்களுக்கு அந்த நடு ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். இரண்டு இரவு, ஒரு பகல். மத்திய சர்க்கார் வேலைக்கு வந்து கரோல் பாக்கிலும் ஆர்.கே. புரத்திலும் குடித்தனம் போட்டவர்கள், எல்.டி.சி. பயணச் சலுகை கிடைக்கிற வருஷம் அதில் ஊருக்குப் போவோம்; கிடைக்காத வருஷம் பி.எஃப்.பில் கடன் வாங்கிப் போவோம். 1929-லிருந்து ஓடுகிற கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஜி.டி.தான். 1976-ல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்தது. வேகம் கூடுதல், நிற்கிற இடம் குறைவு. அதில் கன்ஃபர்ம் ஆனவர் ஆபீசில் இரண்டு நாள் கொஞ்சம் நிமிர்ந்தே நடப்பார்.

ஸ்லீப்பர் கிளாஸில்தான் போவோம். ஏசி என்பது மேலதிகாரிகள் சமாசாரம். இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி ஒரு சம்புடம், புளியோதரை ஒரு சம்புடம், சங்கிலி போட்டு சீட்டுக்கடியில் கட்டிய சூட்கேஸ், காற்றடித்து ஊதிய தலையணை. தலைக்கு மேல் கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் ஃபேன் ஸ்விட்சைப் போட்டால் மட்டும் சுற்றாது. கூண்டின் இடுக்கில் சீப்பை விட்டு இறக்கையை ஒரு தள்ளு தள்ள வேண்டும். அப்புறம் ராத்திரி முழுக்க நிற்காது.

அந்தப் பெட்டியின் அரசியல் முழுவதும் மிடில் பெர்த்தில் இருந்தது. பகலில் அதைத் தூக்கினால் கீழே யாரும் நிமிர்ந்து உட்கார முடியாது. இரவில் தூக்காவிட்டால் அதற்குரியவர் படுக்க முடியாது. அப்போது இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை என்று விதி. 2017-ல்தான் ஒன்பதைப் பத்தாக்கினார்கள். விதியைச் சொல்லி யாரும் சண்டை போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. எதிர் சீட்டுப் பெரியவர் இரண்டாவது தடவை கொட்டாவி விட்டால் எல்லோரும் எழுந்து நிற்போம். ஒருவர் பலகையைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் சங்கிலியைக் கொக்கியில் மாட்டுவார். அதுவரை பேர்கூடத் தெரியாத ஆறு பேர் அடுத்த ஐந்து நிமிஷத்தில் ஒரே வீட்டுக்காரர்கள்போலத் தூங்கப் போவோம்.

சம்பல் ஆற்றை நான் பகலில் பார்த்ததே இல்லை. போகும்போதும் அது இருட்டில், வரும்போதும் இருட்டில். ஆக்ராவில் பேட்டா விற்பவர்களின் சத்தம் அடங்கியதும் கொள்ளைக்காரர் கதைகள் ஆரம்பித்துவிடும். குவாலியர் வருகிறவரை ஜன்னல் ஷட்டர் இறங்கியே இருக்கும். ஒரு கொள்ளைக்காரரும் வந்ததில்லை.

போபாலில் விடியும். புத்னி தாண்டினால் நர்மதை. பாலத்தின் சத்தம் மாறியவுடன் பெட்டி முழுக்கக் கைகள் ஜன்னல் கம்பிக்கு வெளியே நீளும். எறிந்த காசில் பாதி இரும்புத் தூணில் பட்டுத் தெறிக்கும். அப்புறம் இடார்சி. சென்னைப் பாதையும் மும்பையிலிருந்து அலகாபாத் போகும் பாதையும் வெட்டிக்கொள்கிற ஜங்ஷன். கோடையில் அந்தப் பக்கத்து ஸ்டேஷன்களில் உள்ளூர்க்காரர்கள் வாளியும் குவளையுமாக வந்து, ஜன்னல் ஜன்னலாக இலவசமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். யாருக்கு ஊற்றுகிறோம் என்று அவர்கள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. பாட்டில் நிறைந்ததும் அடுத்த ஜன்னல்.

இடார்சிக்குத் தெற்கே சாத்பூரா மலை. தேக்குக் காடு, குகைப்பாதைகள், ஏற்றம். வண்டி மூச்சு வாங்கி மெதுவாக ஏறும்போது, ஜன்னலிலிருந்தே தேக்கிலையின் நரம்பைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் அந்தக் காட்டிலிருந்து பெட்டிக்குள் வந்த ஈரமண் வாசனைக்கு இணையாக எந்த மலைவாசஸ்தலத்திலும் நான் கண்டதில்லை. மே மாதத்திலோ அதே காடு இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். நாக்பூரை நெருங்க நெருங்க ஜன்னல் கம்பி கை வைக்க முடியாமல் சுடும். துண்டை நனைத்து ஜன்னலில் தொங்கவிடுவோம். கால் மணியில் அது காய்ந்து மொடமொடவென்று ஆகிவிடும். டிசம்பரில் போனால் அதே நாக்பூரில் கூடை கூடையாக ஆரஞ்சு. அடுத்த ஒரு மணி நேரம் பெட்டி முழுக்கத் தோல் வாசனை.

நாக்பூரில் ஒருமுறை மராத்திக்கார அம்மா ஒருவர் ஏறி என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமியாருக்குத் தமிழ் தவிர வேறெதுவும் தெரியாது. அந்த அம்மாவுக்கு மராத்தி தவிர வேறெதுவும் தெரியாது. பல்லார்ஷா வரும்வரை இருவரும் ஓயாமல் பேசினார்கள், மருமகள்களைப் பற்றி. இந்தி தெரிந்ததால் மராத்தியும் ஓரளவு பிடிபட்டு, இரண்டு பக்கமும் புரிந்த ஒரே ஆள் நான்தான். இறங்குவதற்கு முன் அந்த அம்மா மாமியாரின் கையைப் பிடித்து ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பல்லார்ஷாவுக்கு அப்புறம் காற்றிலேயே நிலக்கரித் தூள். சிர்பூர் காகஸ்நகரில் ஸ்டேஷன் பலகையில் தெலுங்கு எழுத்து தென்பட்டதும், வடக்கு முடிந்துவிட்டது என்று மனசு கணக்குப் போடும். மஞ்சிரியாலுக்குப் பின் கோதாவரி, மறுபடியும் காசு. வாரங்கலுக்குள் ‘சாய், சாய்’ குரல்களுக்கு நடுவே முதல் இட்லி-வடைக் குரல் கேட்கும். பெரும்பாலும் பிரமாதமான இட்லியாக இராது. ஆனாலும் பாதிப் பெட்டி வாங்கும். விஜயவாடாவைத் தூக்கத்தில் விட்டுவிட்டால், கண் விழிக்கும்போது கூடூர். பல் தேய்த்துவிட்டு வந்தால் கும்மிடிப்பூண்டி.

அத்தனையும் இனிமை என்று சொன்னால் பொய். விடுமுறைக் காலத்தில் மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர், வழியெல்லாம் மூட்டை, கழிப்பறைக்குப் போய் வருவதற்கே ஒரு மனத்துணிச்சல் வேண்டும். கைக்குழந்தையோடு நாக்பூர் வெயிலைக் கடந்தவர்களிடம் போய் ஏக்கம் என்று பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். பழைய பாணிப் பெட்டி செய்வதை 2018-ல் நிறுத்திவிட்டது. இப்போது வரும் எல்.எச்.பி. பெட்டிகள் விபத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத அமைப்பு கொண்டவை. அதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

“அவ்வளவு ஆசையா இருந்தா தேர்ட் ஏசியில போட்டுத் தரேம்மா” என்கிறான் பையன். போயும் பார்த்தேன். போர்வை கொடுத்தார்கள், அமைதியாக இருந்தது. திறக்காத கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்மதை சத்தமே இல்லாமல் போயிற்று. எதிர் சீட்டுப் பையன் காதில் ஹெட்போனோடு ஏறி, காதில் ஹெட்போனோடு இறங்கினான். அவன்மேல் தப்பில்லை. கையில் போன் இருந்திருந்தால், என் மாமியாரும் அந்த மராத்தி அம்மாவும் ஆளுக்கொரு சீரியல்தான் பார்த்திருப்பார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

இடார்சியில் நான் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. அங்கே எனக்கு யாரையும் தெரியாது. ஆனாலும் நர்மதையில் வெள்ளம், நாக்பூரில் வெயில் 45 டிகிரி, மஞ்சிரியால் பக்கம் மழை என்று எங்கே படித்தாலும் கை நின்றுவிடுகிறது. சொந்தக்காரர் ஊர்ச் செய்தி மாதிரி கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன். என் பேரன் சென்னைக்கு என்னைவிட அதிகத் தடவை போய் வந்தவன். அவனுக்கு டெல்லி தெரியும், சென்னை தெரியும். இடார்சி என்றால், அது எந்த ஸ்டேட் பாட்டி என்று கேட்கிறான்.