திருகினால் மாறாத சத்தம்

கிதார் வாசிப்பவர்கள் ஓவர்டிரைவ் என்று அழைக்கும் ஒலி பிறப்பிலேயே ஒரு பழுது. 1951இல் மெம்பிஸ் நகரில் ‘ராக்கெட் 88’ பாடலைப் பதிவு செய்தபோது வில்லி கிசார்ட்டின் ஆம்ப்ளிஃபயர் வழியிலேயே அடிபட்டிருந்தது. ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து அப்படியே வாசித்தார்கள். பத்தாண்டு கழித்து, மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொர்ரி’ பாடலில் கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ் கிதார், ஒலிப்பதிவுக் கருவியின் கெட்டுப்போன தடம் ஒன்றின் வழியே வண்டு முரல்வதைப் போல வந்து சேர்ந்தது. அதை நீக்காமல் விட்டார்கள். அங்கே ஒலிப்பதிவாளராக இருந்த க்ளென் ஸ்நாடி அந்தப் பழுதை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டுமென்றே உண்டாக்கும் சுற்றைச் செய்தார். 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்ற பெடலாகக் கடைக்கு வந்தது. தம்புராவின் குதிரையில், தந்திக்கு அடியில் நூலைக் கடுகளவு நகர்த்தி நகர்த்தி அந்த இரைதலைத் தேடுகிறவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

ஆகவே, வீட்டில் செய்த ஓவர்டிரைவ் பெடலிலிருந்து இரைச்சலை நீக்குவது என்று சொல்லும்போதே ஒரு சிக்கல் வந்துவிடுகிறது. எந்த இரைச்சலை?

பெடலைச் செய்தவள் என் மகள். பதினேழு வயது. 1970களின் இறுதியில் வெளிவந்த ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமரின் சுற்றுதான் அடிப்படை. அதன் உயிர் ஒரு 4558 சிப்பும் எதிரெதிராக வைத்த இரண்டு டயோடுகளும். டிரைவ் குமிழை முழுவதும் திருப்பினால் அந்தச் சிப் சுமார் 118 மடங்கு பெருக்குகிறது. ஆனால் ஒலியலை அரை வோல்ட்டைத் தாண்டியதும் டயோடுகள் அதன் தலையைச் சீவிவிடுகின்றன. சீவப்பட்ட அந்த விளிம்புதான் நாம் விரும்பும் கரகரப்பு. இதன் மறுபக்கத்தை யோசிக்க வேண்டும். பலமாக மீட்டிய ஸ்வரத்துக்குத்தான் தலை சீவல். தந்திகள் ஓய்ந்திருக்கும்போது உள்ளே கிடக்கும் சிறு முனகலுக்கும் சீறலுக்கும் அந்தத் தண்டனை கிடையாது, அவை பெருக்கம் முழுவதையும் அனுபவிக்கின்றன. ஓவர்டிரைவ் பெடல் மற்ற பெடல்களைவிடக் கூடுதலாக இரைவதற்கு இதுவே காரணம். செய்தவரின் கைத்திறனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எனக்கு வேறொரு சிக்கலும் உண்டு. தொண்ணூறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்தேன். மேடையில் என் இடம் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில். இப்போது செவித்திறன் சோதனையின் கோடு 3,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கிணற்றுக்குள் இறங்குவதைப் போல இறங்குகிறது. இரண்டு காதுகளிலும் இரவும் பகலும் மெல்லிய கீச்சொலி ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. டின்னிடஸ் என்பார்கள். ஆக, இரைச்சலைத் தேடும் கருவியே இரைகிறது.

இதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். பெடலின் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகுவேன், கிதாரைக் கழற்றுவேன், மின்சாரத்தை நிறுத்துவேன். எதைச் செய்தாலும் மாறாத சத்தம் என்னுடையது, மாறுவதெல்லாம் பெட்டியினுடையது.

முதலில் முனகல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அடாப்டருக்குள் அது நேர்மின்சாரமாக மாற்றப்படும்போது மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ். கிதாரின் தடித்த தந்தியை மூன்றாம் கட்டையில் அழுத்தினால் வரும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். முனகல் அந்த ஸ்வரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றால் சந்தேகம் அடாப்டரின் மேல் விழ வேண்டும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் ஆகையால் அவர்களுடைய முனகல் வேறு ஸ்வரம். அவர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்துக்கொண்டு தேடுபவர் இதை நினைவில் வைக்க வேண்டும். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு ஒன்பது வோல்ட் பேட்டரியை மாட்டினோம். முனகலில் பெரும்பங்கு போயிற்று. மின்சாரம் நுழையும் இடத்தில் 100 ஓம் மின்தடை ஒன்றும் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் வைத்ததில் அந்த அலை ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது.

எஞ்சிய முனகல், கிதாரோடு அவள் திரும்பி உட்கார்ந்தபோது கூடிக் குறைந்தது. அதற்குப் பெடல் பொறுப்பில்லை. ஒற்றைச் சுருள் பிக்கப் சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் காந்தப்புலத்தை வாங்குகிறது. இதை ஒழிக்கத்தான் கிப்ஸன் நிறுவனத்தில் சேத் லவர் எதிரெதிராகச் சுற்றிய இரட்டைச் சுருள் பிக்கப்புக்கு 1955இல் காப்புரிமை கோரினார். நாங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டோம்.

டிரைவ் முக்கால் பங்கைத் தாண்டியதும் பெடல் வீறிட்டது. இந்தச் சுற்றில் உள்ளே போகும் அலையும் வெளியே வரும் அலையும் ஒரே திசையில் ஏறி இறங்குபவை. இரண்டு ஒயர்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் வெளியே வந்தது மறுபடி உள்ளே கசிந்து, தன்னைத் தானே தூண்டி ஊளையிடும். உள்ளீட்டு ஒயரை மட்டும் ஷீல்டு ஒயராக மாற்றி, அதன் வலையை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் சேர்த்தாள். ஊளை நின்றது. இடையில் மேசை மேலிருந்த கைபேசி ‘டிடிட் டிடிட்’ என்று பெடலுக்குள் புகுந்தது. அதை அடுத்த அறைக்கு அனுப்பியதோடு சரி.

சீறல் மிஞ்சியது. டிரைவோடு சேர்ந்து வளரும் சீறல். இதன் ஒரு பகுதிக்கு மருந்து கிடையாது. மின்தடைக்குள் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைவதே சத்தமாகிறது. 1928இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்ஸன் அளந்ததும் நைக்விஸ்ட் கணக்கிட்டுக் காட்டியதும் இதைத்தான். கார்பன் மின்தடைகளை எடுத்துவிட்டு மெட்டல் ஃபிலிம் வகை வைத்ததில் சற்றே அடங்கியது. எனக்குப் போதும் என்று பட்டது.

“அப்பா, அந்தக் கீச்சு மட்டும் அப்படியே இருக்கு” என்றாள்.

எந்தக் கீச்சு? குமிழ்களைத் திருகினேன். மாறாத ஒன்றுதான் எனக்குக் கேட்டது. அது என்னுடையது, அதை அவளால் கேட்க முடியாது. “இப்ப கூடுது... இப்ப குறையுது... கேக்கலியா?” என்றாள். கேட்கவில்லை. கைபேசிச் செயலி ஒன்றில் ஒலியின் வரைபடத்தைக் காட்டினாள். 5,000 ஹெர்ட்ஸுக்கு அருகே ஊசிபோல ஒரு கோடு நின்றது. எனக்குள் இரைவதும் ஏறத்தாழ அந்த இடத்தில்தான். என் வழிமுறையில் இருந்த ஓட்டை சரியாக அங்கே இருந்தது: என் சத்தத்தின் உயரத்திலேயே பெட்டியும் கத்துமானால், அது கூடினாலும் குறைந்தாலும் எனக்கு ஒன்றுதான். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்ததா, அல்லது நானே அப்படி வாசித்துக்கொண்டேனா, தெரியாது. “எவ்வளவு நாளா?” என்று மட்டும் கேட்டாள். அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே என்றேன்.

காரணத்தைக் கண்டுபிடிப்பது அதன்பிறகு எளிதாகவே இருந்தது. ஒன்பது வோல்ட்டைப் பதினெட்டாக உயர்த்த அவள் 7660எஸ் என்ற சிறு சிப்பைச் சேர்த்திருந்தாள். அதன் கடிகாரம் 10,000 ஹெர்ட்ஸ். மின்தேக்கிகளை மாற்றி மாற்றி நிரப்பும் வேகம் அதில் பாதி. அந்தப் பாதிதான் கீச்சாகக் கேட்டிருக்கிறது. முதல் காலை எட்டாம் காலோடு இணைத்தால் கடிகாரம் 35,000க்கு ஏறுகிறது, கீச்சு 17,500க்குப் போய்விடுகிறது. பதினேழு வயதுச் செவிக்கு அது எட்டக்கூடும். கிதார் ஆம்ப்பின் ஸ்பீக்கருக்கு எட்டாது. இரண்டு கால்களுக்கும் இடையே சிறு கம்பியைப் பற்றவைத்தாள். வரைபடத்தில் ஊசி மறைந்தது. எனக்கு எந்த மாற்றமும் இல்லை.

சீறலையும் இன்னும் குறைத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். டயோடுகளுக்கு இணையாக இருக்கும் 51 பிக்கோஃபாரட் மின்தேக்கியை 100 ஆக்கினால், முழு டிரைவில் 5,600 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்கும் சரிவு 2,900க்கு இறங்கிவிடும். மாற்றி வாசித்தாள். சீறல் உண்மையிலேயே குறைந்தது என்றாள். பிறகு ஒரே சொற்றொடரை நாலைந்து முறை வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“முனை போயிடுச்சுப்பா. போர்வைக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு.”

எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. அதைச் சொல்லவும் செய்தேன். அவள் சாலிடரை உருக்கி 100ஐ எடுத்துவிட்டு, பழைய 51ஐயே திரும்ப வைத்தாள். சீறல் திரும்பி வந்ததாம். மூடியைப் போட்டு நான்கு திருகாணிகளையும் முடுக்கினாள்.