டிசம்பர் 31இல் பிறந்தவர்கள்

கொழும்பில் மென்பொருள் எழுதுகிறவர் என்றைக்காவது அடையாள அட்டை இலக்கத்தில் கைவைத்தே ஆகவேண்டும். பிறந்த திகதி அதற்குள்ளேயே இருக்கிறது. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். 2016இல் பன்னிரண்டு எண்களாக மாறியபோதும் இந்த நாள் கணக்கு அப்படியே இருந்தது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்தே எண்ணுகிறார்கள். ஆகவே மார்ச் 1 எப்போதும் 61. டிசம்பர் 31 எப்போதும் 366.

இது தெரியாமல் எழுதிய படிவமொன்றை வெள்ளவத்தையில் ஒரு நிறுவனத்தில் பார்த்தேன். ஜாவாஸ்கிரிப்ட். 1981 மார்ச் முதலாம் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 81561 என்று தொடங்கும். படிவம் மார்ச் 2 என்று காட்டியது. 366ஐக் கொடுத்தால், முணுமுணுப்பில்லாமல் 1982 ஜனவரி 1 என்று எழுதிவைத்தது. பிழை என்று ஒரு வரி கூட இல்லை.

அது வெளிப்படுவது வேறொரு கருமபீடத்தில். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வந்த அம்மாவிடம், "பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோட திகதி பொருந்தேல்லை, திருத்திக்கொண்டு வாங்கோ" என்பார்கள். புரோகிராம் விழுங்கியதற்கு அவர் அலைவார்.

2014இல் ஜாவா 8உடன் வந்த திகதி நூலகம் இந்த விஷயத்தில் கறார். 1981இன் 366ஆவது நாளைக் கேட்டால், அப்படியொரு நாளே இல்லை என்று அங்கேயே நின்றுவிடும். உடனே காரணத்தைத் தேடலாம். ஆனால் நம்மவர்கள் பலர், கஸ்டமர் முன்னால் எரர் வரக்கூடாது என்று ஒரு வெறும் கேட்சைப் போட்டு அந்தக் குரலையும் அடக்கிவிடுகிறார்கள்.

நூலகத்தை மட்டும் நம்பவும் முடியாது. 61ஐக் கொடுத்தால் அதுவும் மார்ச் 2 என்றே சொல்லும். அதன் கணக்கில் அது சரியான நாள். எனவே காவலை நாமே போட வேண்டும்: லீப் அல்லாத வருடத்தில் 60 வந்தால் நிறுத்து, அதற்கு மேல் போனால் ஒன்றைக் கழி, 366ஐத் தாண்டினால் நிறுத்து.

அடையாள அட்டை இலக்கத்தை வாங்கும் புரோகிராம் உங்களிடம் இருந்தால், லீப் அல்லாத வருடமொன்றில் டிசம்பர் 31இல் பிறந்தவரின் இலக்கத்தை இன்றைக்கே கொடுத்துப் பாருங்கள்.