மூன்றாவது கை

கடலிற் செல்லும் சிறு படகின் பின்னே தூண்டிலை இழுத்துக்கொண்டு போய் மீன் பிடிக்கும் முறையை ஆங்கிலேயர் ட்றோலிங் என்பர். பெயரொலி நெருங்கியிருப்பதால் இதனை இழுவைமடித் தொழிலோடு மயங்கிக்கொள்வோர் உளர். கடலடியை வாரிச் செல்லும் அத்தொழில் 2017 ஆம் ஆண்டில் இலங்கையிற் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. நான் சொல்லவந்தது அதுவன்று. ஒரு நூல், ஒரு முள், அதனருகே மின்னும் ஒரு பொய்யிரை. அறுக்குளாவோ பாரையோ சூரையோ துரத்தி வந்து அதைக் கவ்வும். அவ்வளவுதான்.

வெள்ளவத்தையில் எங்களோடு வசிக்கும் என் தமக்கையின் மகன், சேர்த்து வைத்த பணத்திற் பழைய கயாக் ஒன்றை வாங்கி வந்தான். கயாக்கில் அமர்பவனுக்கு இரண்டு கைகளும் துடுப்புக்கே உரியவை. தூண்டிற்கோலைப் பிடிக்க மூன்றாவது கை ஒன்று வேண்டும். அந்தக் கையே கோல்தாங்கி. அதில் எத்தனையோ வகை உண்டு. "எது நல்லது எண்டு நீங்களே சொல்லுங்கோ, மாமா" என்று அவன் படங்களை என் முன்னே விரித்தான். "எதைப் பூட்டினாலும் பிள்ளை கவிழாமல் பார், தம்பி" என்றாள் அக்கா, அடுக்களையில் இருந்தபடியே. கடைக்காரர் எவரும் இவ்வளவு தெளிவாக இலக்கணம் வகுத்ததில்லை.

முதற் கேள்வி, எங்கே பூட்டுவது என்பது. இருக்கைக்குப் பின்னாற் பூட்டுவதே பெருவழக்கு. துடுப்புக்கு அது இடைஞ்சல் செய்யாது. ஆனால் மீன் கவ்வியதும் உடம்பை முறுக்கித் திரும்பிக் கோலை எடுக்கவேண்டும். ஒடுங்கிய படகில் ஒருவன் நிலை தடுமாறுவது பெரும்பாலும் அந்தக் கணத்திலேதான். அன்றியும், கோலின் நுனி முதுகுக்குப் பின்னே இருந்தால், இரை ஒழுங்காக நீந்துகிறதா, பாசி சிக்கியிருக்கிறதா என்பதையும் காண முடியாது. ஆகவே முழங்காலுக்கு முன்னே, துடுப்பு வீசும் வட்டத்துக்கு அப்பால், இருந்தபடியே கை எட்டும் தூரத்தில், இயன்றவரை தாழ்வாக அது அமையவேண்டும் என்று முடிவு செய்தேன். கோல் பக்கவாட்டில் வெளியே சரிந்து நிற்கட்டும். நேரே பின்னோக்கி நூலின் திசையிலேயே படுத்திருந்தால் கோல் வளையாது. முழு வெட்டையும் நூலே தாங்க நேரிடும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தாங்கிகள் வேண்டும் என்றான் மருமகன். புதிதாய்ப் பழகுபவனுக்கு ஒன்றே மிகுதி என்பது என் கட்சி.

இரண்டாவது கேள்வி வலிமை பற்றியது. மாணவர்கள் இதை நெம்புகோற் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். தாங்கியிலிருந்து கோலின் நுனி 5 அடி, அதாவது 60 அங்குலம். தாங்கியின் அடித்தட்டில் முன்னும் பின்னும் உள்ள ஆணிகளுக்கிடையே 3 அங்குலம். நுனியில் மீன் 2 கிலோ விசையோடு குறுக்காக இழுத்தால், கோல் வளையாதென்று கொண்டால், ஆணிகளின் மேல் அது இருபது மடங்காகி 40 கிலோவாக இறங்கும். கோல் வளைவதனால் உண்மையில் இது குறையும். ஆயினும் இரண்டு சிறு திருகாணிகளை நம்பலாமா? பெரும்பாலான கயாக்குகள் பொலியெத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. அதில் திருகாணியின் புரி நெடுநாள் நில்லாது. பசையும் சரியாக ஒட்டாது. போல்ட்டை ஊடுருவச் செலுத்தி, உட்புறம் அகன்ற தகடு வைத்து நட்டு இறுக்குவதே முறை. ஆனால் நாம் பூட்ட நினைத்த இடத்துக்கு உள்ளே கை நுழையாது!

கொட்டாஞ்சேனையில் எனக்கொரு நண்பர் உண்டு. துறைமுகத்திற் கயிறு கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதையைக் கேட்டுவிட்டு அவர், "ஏன் ஓட்டை போடவேணும்? கட்டுங்கோவன்" என்றார். சிங்களவர் 'ஒருவ' என வழங்கும் வள்ளத்தைப் பார்த்ததில்லையா என்று கேட்டார். பாய் விரித்து ஓடும் அவ்வள்ளங்கள் இம்முறையிற் பெருமீன் பிடித்தவை. பக்கத்தே மிதவை மரத்தைத் தாங்கும் வளைந்த தண்டுகளுக்கு அவற்றில் ஆணியே கிடையாது. எல்லாம் கயிற்றுக் கட்டு. அலை அறையும்போது கட்டுச் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும்; மரம் பிளவாது. வட துருவத்து இனுவிட் மக்களும் தங்கள் தோற் கயாக்கின் மேல், எறியீட்டிக் கயிற்றைச் சுற்றி வைக்கும் தட்டைத் தோல்வார் கொண்டே பிணைத்து வைத்தார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். கடலால் எவ்வளவோ தூரம் பிரிந்த இரு சாராரும் ஒரே விடையைக் கண்டிருக்கிறார்கள்.

எனவே கயாக்கின் குறுக்கே ஒரு பலகை வைத்து, அதன் மேற்புறத்தில் ஏற்கெனவே உள்ள நான்கு வளையங்களிற் கட்டி, அப்பலகையிலே தாங்கியைப் போல்ட் பூட்டுவதென்று தீர்மானித்தோம். பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடையொன்றில் துருப்பிடியாத போல்ட் நான்கு வாங்கினேன். "என்ன, கப்பலுக்கோ?" என்று கேட்டார் கடைக்காரர். ஆம் என்றேன். கயிறு நைலோன் வேண்டாம் என்று நண்பர் முன்னரே எச்சரித்திருந்தார். நனைந்தால் அது நீளும், கட்டுத் தளரும். பொலியெஸ்ரர் கயிறே வாங்கினோம்.

தொடர்மாடியின் கீழே, வாகனம் நிறுத்தும் இடத்தில், மருமகனைக் கயாக்கில் அமர்த்திக் கோலின் நுனியில் வில்தராசைக் கொளுவி இழுத்தேன். 2 கிலோவில் கோல் வில்லாய் வளைந்தது. 4 கிலோவிற் பலகை நூலளவு அசைந்து நின்றது. சுற்றி நின்ற சிறுவர்கள் கை தட்டினார்கள். கோல் கடலிற் பறிபோகாதிருக்க அதற்கொரு பாதுகாப்புக் கயிறும், பெரிய மீன் பக்கவாட்டில் இழுத்தால் நூலை அறுத்துவிட மார்பருகே ஒரு சிறு கத்தியும் சேர்த்தேன். மிதவைச் சட்டையை அக்காவே அணிவித்துப் பார்த்தாள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற் பருவக்காற்று இக்கரையை மோதும். அக்காலத்திற் கயாக்குக்கு வேலையில்லை. கடல் ஓய்ந்த தை மாதத்துக் காலையொன்றில், றெயில் பாதைக்கு அப்பால் நாங்கள் இருவரும் அதைச் சுமந்து சென்று இறக்கினோம். ஒரு மணி நேரத்திற் சிறு பாரை ஒன்றோடு திரும்பினான். திரும்பாமலே கோலை எடுத்தேன் என்றான். கரையிலேயே கயிற்றை அவிழ்த்தான். பலகை தனியே கழன்றது. மேலே நீட்டிக்கொண்டு எதுவும் இல்லாததால், தொடர்மாடியின் ஒடுங்கிய படிக்கட்டிற் கயாக் எங்கும் இடியாமல் ஏறியது.