பத்துக்குப் பத்து அறையில் ஒரு கைத்தட்டல்

அறைக்குள் நுழைந்த தச்சர் அளவு நாடாவை எடுக்கவில்லை. நடுவில் நின்று ஓங்கிக் கை தட்டினார். தட்டிய ஓசையின் வாலில் 'ட்ர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் ஓடி அடங்கியது.

"கேட்டீங்களா சார்? எதிரெதிர் சுவர் ரெண்டும் பந்து விளையாடுது."

சென்னை சாலிகிராமத்தில் ஒரு வாடகை வீட்டின் பின்னறை அது. குடியிருப்பவர் டப்பிங் கலைஞர். இப்போது ஒலிப்புத்தகங்களும் வாசிக்கிறார். வீட்டோடு ஒலிப்பதிவுக் கூடம் என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஏ.ஆர்.ரஹ்மான் 1989இல் பக்கத்துக் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டித்தான் 'பஞ்சதன்' கூடத்தைத் தொடங்கினார். மூன்றாண்டு கழித்து 'ரோஜா' வந்தது.

இந்த அறையின் ஒரு சுவர் முழுக்க முட்டை அட்டை. யாரோ சொன்னதைக் கேட்டு கலைஞரே ஒட்டியது. தச்சரின் உதவியாள் அதை உரித்துக்கொண்டிருக்க, தச்சர் கேட்டார்: "வெளிச் சத்தம் உள்ளே வரக் கூடாதா, உள்ளே பேசுறது எதிரொலிக்கக் கூடாதா? ரெண்டும் வேற வேற வேலை சார். வேற வேற கூலி."

கலைஞர் விழித்தார். முட்டை அட்டை இரண்டுக்கும் ஆகும் என்றுதான் நம்பியிருந்தார். உண்மையில் இரண்டுக்கும் உதவாது. சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், அட்டைக்கு எடையில்லை. சத்தத்தை உறிஞ்சக் காற்று புகுந்து உரசித் தேயும் தடிமனான நார்ப்பொருள் வேண்டும். அதுவும் அட்டையில் இல்லை. மலிவான ஃபோமை ஒட்டுவது அதைவிட ஆபத்து. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதிச் சுவரில் இருந்த ஃபோமில் தீப்பொறி பட்டு 100 பேர் இறந்தார்கள்.

உறிஞ்சும் பொருளைக் கணக்காக்கியவர் ஹார்வர்டு பேராசிரியர் வாலஸ் சாபின். பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபத்தில் பேசிய சொல் ஏறக்குறைய ஐந்தரை வினாடி நின்று ஒலித்தது. 1895இல் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்குவார், ஒலி அடங்கும் நேரத்தை அளப்பார், விடிவதற்குள் திருப்பி வைத்துவிடுவார். எத்தனை மெத்தைக்கு எத்தனை வினாடி குறைகிறது என்ற அந்தக் கணக்குதான் இன்றும் அடிப்படை.

சாலிகிராமத்தில் மெத்தையின் இடத்தில் ராக்வூல். பாறையை உருக்கி நூற்ற பஞ்சு. கன மீட்டருக்கு 48 கிலோ எடையுள்ள பலகைகள், தச்சர் கணக்கில் 'நாலுக்கு ரெண்டு'. இரண்டு இன்ச் பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மரச்சட்டத்தில் பொருத்தி, சாக்குத் துணியை இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் அடிக்கிறார்கள். உதவியாள் முழுக்கைச் சட்டை போட்டு, முகத்தில் துண்டு கட்டியிருந்தார். நார் பட்டால் ராத்திரி முழுக்க அரிக்குமாம். சட்டத்தின் பின்னால் பிளைவுட் கிடையாது. சுவரிலிருந்து இரண்டு இன்ச் தள்ளியே மாட்டுகிறார்கள். சுவரை ஒட்டிய காற்று அசைவதில்லை, தள்ளி இருப்பதுதான் அசைகிறது. அசையும் காற்றைத்தானே நார் பிடிக்க முடியும்?

நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்பதுதான் இந்த அறையின் பெரிய வியாதி. பத்தடி என்றால் 3.05 மீட்டர். வினாடிக்கு 343 மீட்டர் ஓடும் ஒலி, அந்த இடைவெளியில் 56 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 112லும் தேங்கி வீங்கும். நீளமும் அகலமும் வேறாக இருந்தால் வீக்கம் பிரிந்துபோகும். இங்கே மூன்று திசையும் ஒரே இடத்தில் குவிகின்றன. 112 ஹெர்ட்ஸ் ஆண்குரலின் அடித்தளம். கலைஞரின் பதிவில் சில சொற்கள் மட்டும் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது அதனால்தான். இந்த வீக்கம் மூலைகளில்தான் உச்சம் என்பதால், நான்கு மூலையிலும் தரையிலிருந்து கூரைவரை தடித்த ராக்வூல் தூண்கள் ஏறின.

பக்கச் சுவரில் ஒலி பட்டுத் திரும்பும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு முகக்கண்ணாடி போதுமாக இருந்தது. கலைஞர் நாற்காலியில் உட்கார, உதவியாள் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தினார். ஸ்பீக்கர் தெரிந்த இடத்தில் பென்சில் கோடு. அங்கே ஒரு சட்டம்.

மாலையில் இரண்டாவது கூலிக்கான வேலை. அறைக்குள் அறை கட்டினால் வெளிச்சத்தம் நன்றாகவே அடங்கும். வாடகை வீட்டில் அதற்கு வழியில்லை. சன்னலுக்கு உள்பக்கம் இன்னொரு கண்ணாடி வந்தது. பழையதைவிடத் தடிமன் கூடுதல், இரண்டும் ஒரே சுருதியில் அதிராமலிருக்க. பொள்ளல் கதவைக் கழற்றிக் கனமான கதவு மாட்டினார்கள். கதவடியில் அரை இன்ச் சந்து. பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒரு சதவீதம் திறந்திருந்தாலே எவ்வளவு கனமான கதவும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. சுற்றிலும் ரப்பர் பீடிங் ஓடியது.

தச்சர் மறுபடி கை தட்டினார். தட்டிய ஓசை தட்டிய இடத்திலேயே நின்றது. கலைஞர் சிரித்தார், தச்சர் சிரிக்கவில்லை. விளக்கை அணைத்து, உதவியாளை செல்போன் டார்ச்சோடு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். கதவோரம் இருட்டு. சன்னலோரம் இருட்டு. ஏசி குழாய் நுழையும் ஓட்டையைச் சுற்றி மட்டும் நூலாக ஒரு வெளிச்சம்.

"தம்பி, அந்தப் பட்டி டப்பாவ எடுத்துட்டு வா."