35 ஸ்கொயரா, 70 ஸ்கொயரா?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் ஓய்வெடுக்கும் இந்த நாட்கள்தான் தச்சருக்கும் மெக்கானிக்குக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் ஓயாத வேலைக்காலம். நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில், மரப்படகு ஒன்றில் பேட்டரியை இடம் மாற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனோடு ஒரு பகல் முழுக்க இருந்தேன்.

பழைய இடம் இன்ஜினை ஒட்டி, கீழே. அங்குள்ள வெக்கை பேட்டரியின் ஆயுளைத் தின்றுவிடும். அடியில் தேங்கும் உப்புத்தண்ணீர் பேட்டரிக்குள் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. அதனால் வீல்ஹவுசுக்கு அடியில், ஈரம் படாத இடத்தில் புதுப்பெட்டி அடித்திருந்தார்கள். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் மேலே போய்விட, பெட்டியின் மேற்பக்கம் துளைகள்.

பேட்டரி ஏறியதும் தூரமும் ஏறிவிட்டது. 35 சதுர மில்லிமீட்டர், அதாவது 35 ஸ்கொயர், கேபிள் ஒரு மீட்டர் போதுமாயிருந்த இடத்தில் இப்போது நான்கு மீட்டர்.

"அதே 35 ஸ்கொயரையே நீளமா போட்டா போதாதாண்ணே?" என்று கேட்டேன்.

"போக நாலு, வர நாலு. எட்டு மீட்டர்னு கணக்குப் பாருங்க சார்."

பார்த்தோம். 35 ஸ்கொயர் செம்புக் கேபிளின் தடை மீட்டருக்கு ஏறக்குறைய அரை மில்லி ஓம். எட்டு மீட்டருக்கு நான்கு. இன்ஜினைக் கிளப்பும் செல்ப் மோட்டார் 300 ஆம்பியர் இழுத்தால் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் படகில் அது பத்தில் ஒரு பங்கு. பேட்டரி கொஞ்சம் சோர்ந்திருந்தாலும் செல்ப் முக்கி முனகி நின்றுவிடும். 70 ஸ்கொயர் போட்டால் இழப்பு பாதி. 24 வோல்ட் படகென்றால் அதே வேலைக்குப் பாதி ஆம்பியர்தான் ஓடும். அங்கே 35 ஸ்கொயரே தாங்கும்.

கழற்றிய பழைய கேபிளைக் கத்தியால் கீறிக் காட்டினார். மேலே ரப்பர் புதிதுபோல் இருக்க, உள்ளே ஒரு சாண் நீளத்துக்குச் செம்பில் பச்சைக் களிம்பு. நுனியை டேப் சுற்றி விட்டதன் விளைவு. புதியது 70 ஸ்கொயர், வெள்ளீயம் பூசிய மெல்லிய செம்பு இழைகளாலானது. இழை ஒன்றுகூட வெளியே நிற்காமல், நுனியில் மாட்டும் லக்குக்குள் செலுத்தி, ஹைட்ராலிக் கிரிம்ப்பரால் அழுத்தினார். காலால் மிதித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. அதன்மேல் உட்பக்கம் பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழாயை ஏற்றி, விளிம்பில் பசை கசியும்வரை சூடு காட்டினார். கேபிளைப் புகைக்குழாயிலிருந்து ஒதுக்கி, அரை மீட்டருக்குள் ஒன்று வீதம் கிளிப் அடித்தார்.

கடைசியில் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை மோட்டார் டெர்மினலிலும் வைத்துக்கொண்டு, டிரைவரைச் செல்ப் அடிக்கச் சொன்னார். இழப்பு 0.3 வோல்ட். நெகட்டிவ் பக்கமும் அவ்வளவே.

"ரோட்டுல வண்டி நின்னா தள்ள நாலு பேர் வருவான். கடல்ல யார் சார் வருவா?" என்றார்.

படகு உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேட்டரிக்குச் செலவழிக்கத் தயங்காத நீங்கள் கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். போக வர நீளத்தை அளந்து கேபிள் போடும் ஆளைத் தேடுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.